கிண்ணம் முழுகும் வரை

கிண்ணக்காரிக்குக் காலையில் யாராவது நலம் விசாரித்தால் பிடிக்காது. "நலமெல்லாம் அப்புறம் கேளு, முதல்ல கல்லு மேல இருந்து காலை எடு" என்பாள்.

கல் என்றால் ஊற்றுத் தொட்டியின் விளிம்பு. பாறை இடுக்கிலிருந்து நீர் கொப்பளித்து அந்தத் தொட்டியில் விழுகிறது. விளிம்பில் கால் வைத்தால் பாசி வழுக்கும் என்பது ஒரு காரணம். கால் கழுவின தண்ணீரை மூன்று குடியிருப்பும் குடிக்க வேண்டும் என்பது இன்னொரு காரணம். காரணமே இல்லாவிட்டாலும் அவள் திட்டுவாள், அது வேறு விஷயம். திட்டு வாங்காமல் குடம் நிரப்பிக்கொண்டு போனவர்கள், கிண்ணக்கார அம்மாவுக்கு உடம்பு சரியில்லையோ என்று வழியெல்லாம் பேசிக்கொண்டு போவார்கள்.

ஊற்றுக்குக் கீழே மூன்று குடியிருப்புகள். மேட்டுக் குடியிருப்பில் கொத்து வேலைக்காரர்கள். ஊரார் வீட்டையெல்லாம் கட்டி முடிப்பவர்கள், தங்கள் வீட்டுக்கு மட்டும் பூசாத சுவர். அதற்கடுத்தது சூளைக் குடியிருப்பு. செங்கல் தூசி படிந்து படிந்து அங்கே வெள்ளைப் பூனை கிடையாது. கடைசியாகப் பாலத்தடிக் குடியிருப்பு. தையல் கடை, சைக்கிள் கடை, இஸ்திரிக் கடை என்று வரிசையாகப் போய், தெரு முடியும் இடத்தில் ஒரு ரொட்டிக் கடை. மூன்றிலும் வீட்டுக்கு வீடு குழாய் இருக்கிறது. கோடையில் திறந்தால் காற்று வரும். முகத்தைக் காட்டிக்கொண்டு நின்றால் கொஞ்சம் இதமாக இருக்கும், அவ்வளவுதான் பயன்.

ஆகவே கோடை வந்தால் எல்லாருக்கும் ஊற்றுதான் கதி. தொட்டிச் சுவரில் மூன்று வாய், ஒவ்வொன்றுக்கும் ஒரு பலகை. ஒரு வாயைத் திறந்தால் மற்ற இரண்டும் அடைத்திருக்கும். எவ்வளவு நேரம் திறந்து வைப்பது என்பதைச் சொல்வது ஒரு வெண்கலக் கிண்ணம். அதன் அடியில் ஊசி நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை. தொட்டியில் மிதக்கவிட்டால் மெல்ல மெல்ல நீர் ஏறி, கிண்ணம் முழுகி, அடிக்கல்லில் 'டொக்' என்று உட்காரும். அது ஒரு முழுக்கு. காலையில் ஒரு குடியிருப்புக்கு இத்தனை முழுக்கு, மாலையில் இத்தனை முழுக்கு என்று கணக்கு. மேடு, சூளை, பாலத்தடி, மறுபடி மேடு என்று முறை சுற்றும், ஒரு முறையில் மிஞ்சின தண்ணீர் அடுத்த முறையோடு சேர்ந்துவிடும். கடிகாரம் வைத்தும் பார்த்தார்கள். எந்தக் குடியிருப்பின் கடிகாரம் என்பதிலேயே கைகலப்பு வந்துவிட்டது. கிண்ணத்துக்குச் சொந்தக் குடியிருப்பு என்று ஒன்று கிடையாது, அதனால் அதன் மேல் எல்லாருக்கும் நம்பிக்கை.

கிண்ணத்தைப் பிடிக்கிறவருக்கும் அதே சட்டம்தான். மூன்று இடத்திலும் ஒட்டு உறவு இருக்கக் கூடாது. மூன்று இடத்திலும் ஒரு வீட்டிலும் கை நனைக்கக் கூடாது. ஊற்றுக்குப் பக்கத்தில் இருக்கும் ஒற்றை வீட்டில் குடியிருந்துகொண்டு, கிண்ணமும் பலகையுமாகக் காலம் தள்ள வேண்டும். கிண்ணம் போனால் வீடும் போகும்.

இப்படி ஒரு வேலைக்கு ஆள் கிடைப்பது லேசா? பழைய கிண்ணக்காரர் திடீரென்று கண்ணை மூடியபோது மூன்று குடியிருப்பும் கையைப் பிசைந்துகொண்டு நின்றது. அந்தச் சமயம் பார்த்து, கிணறு வெட்டுகிற ஒருவன் எங்கிருந்தோ புதுப் பெண்டாட்டியோடு வந்து ஊற்றடியில் சோற்று மூட்டையை அவிழ்த்தான். "இங்க உங்களுக்குச் சொந்தக்காரங்க யாராவது உண்டா?" என்று கேட்டார்கள். "எங்கயுமே கிடையாது" என்றான். சாப்பிட்டு முடிப்பதற்குள் வேலை கொடுத்துவிட்டார்கள். ஆனால் அவனுக்குக் கிண்ணம் மிதப்பதைப் பார்த்தாலே கண் சொருகும். கிண்ணம் முழுகும், அவனும் முழுகுவான், சூளைக்குப் போக வேண்டிய தண்ணீர் மேட்டுக்கே போய்க்கொண்டிருக்கும். பெண்டாட்டிதான் இடித்து எழுப்புவாள். கொஞ்ச நாளில் ஜனங்கள் கிண்ணத்தை அவள் கையிலேயே கொடுத்துவிட்டார்கள். மகள் தவழும் பருவத்தில் அவன் ஒரு காய்ச்சலில் போய்ச் சேர்ந்தான். அவள் இரண்டு நாள் அழுதாள், மூன்றாம் நாள் பலகையைத் திறந்தாள். அழுகிறாள் என்று தண்ணீர் நிற்குமா?

மகள் ஊற்றடியிலேயே வளர்ந்தாள், வாயும் கூடவே வளர்ந்தது. அம்மாவுக்கு ஏட்டிக்குப் போட்டி பேசக்கூடிய ஒரே ஜீவன் அவள்தான். அவளுக்குக் கல்யாண வயது வந்தபோது, ரொட்டிக் கடைப் பையன் சைக்கிளில் குடங்களைக் கட்டிக்கொண்டு அடிக்கடி மேலே வர ஆரம்பித்தான். புருவத்தில் எப்போதும் மாவு ஒட்டியிருக்கும். பேச்சு அதிகம் கிடையாது.

"அந்த ரொட்டிக்காரப் பையன் ஒரு குடம் ரொப்ப ஏண்டி இவ்வளவு நேரம் எடுக்கிறான்?" என்று கிண்ணக்காரி ஒரு நாள் கேட்டாள்.

"குடத்துல ஓட்டை இருக்குமா இருக்கும்."

"குடத்துலயா, வேற எங்கயாவதா?"

மகள் சிரிக்கவில்லை. அப்போதே கிண்ணக்காரிக்குப் புரிந்துவிட்டது. வாயாடி சிரிக்காமல் இருந்தால் விஷயம் முற்றிவிட்டது என்று அர்த்தம்.

"மூணு இடத்துலயும் சம்பந்தம் கூடாதுன்னு உனக்குத் தெரியும்ல?"

"தெரியும். அதுக்காக நான் நிலாவுலயா போய் மாப்பிள்ளை பார்க்க முடியும்?"

கிண்ணக்காரி தொட்டியில் மிதந்த கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெற்ற பெண்ணா, ஓட்டைக் கிண்ணமா என்று கேட்டால் எந்தத் தாய்க்கும் பதில் தெரியும். ஆனாலும் இந்த வயதில் கிண்ணம் போனால் எங்கே போவாள்? அதைவிட, காலையில் எழுந்து யாரைத் திட்டுவாள்?

கல்யாணப் பேச்சு வெளியே வந்த மறுநாளே ஊற்றடியில் கூட்டம். மேட்டுக் குடியிருப்பின் மேஸ்திரிதான் முதலில் எழுந்தார். எந்தக் கூட்டத்திலும் அவர்தான் முதலில் எழுவார், கடைசியில்தான் உட்காருவார்.

"நான் யாரையும் குறை சொல்லல. ஆனா பெரியவங்க சொல்லியிருக்காங்க, பரிமாறுறவன் நம்மாளா இருந்தா கடைசிப் பந்தியில உட்காரலாம்னு. ரொட்டிக் கடை எங்க இருக்கு? பாலத்தடியில கடைசி வீடு. அம்மா பலகை பிடிப்பா, பொண்ணு அங்க தொட்டி வழிய வழிய வச்சிருப்பா. நாங்க மேட்டுல நாக்கைத் தொங்கப் போட்டுக்கிட்டு நிக்கணும்."

"மேஸ்திரி, தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறதான்" என்றாள் கிண்ணக்காரி. "என் கை கோணிச்சுன்னு இதுவரைக்கும் யாராவது சொன்னதுண்டா?"

"இதுவரைக்கும் உங்களுக்குச் சம்பந்தி இல்லையே."

சூளைக் குடியிருப்பிலிருந்து வந்திருந்த சூளைக்காரர் ஒரு வார்த்தை பேசுவதற்குள் ஒரு செங்கல் வெந்துவிடும். அவர் தொண்டையைச் செருமினார். எல்லாரும் காத்திருந்தார்கள். "இந்தக் கோடை முடியட்டும்" என்றார். "தண்ணியில வித்தியாசம்னு ஒரு புகார் வந்தாலும், கிண்ணத்தைக் கீழ வச்சிட்டுக் கிளம்பிடணும். வரலைன்னா, சம்பந்தம் இருந்துட்டுப் போகட்டும்."

அப்படியே முடிவாயிற்று. கல்யாணமும் நடந்தது. கிண்ணக்காரி போய் நின்றாள், ஆசீர்வாதம் பண்ணினாள், பச்சைத் தண்ணீர்கூட வாயில் வைக்காமல் மாலை முறைக்குப் பலகை திறக்க ஓடி வந்துவிட்டாள். சம்பந்தியான ரொட்டிக்காரம்மாவுக்கு முகம் விழுந்துபோயிற்று. ஆளைக் கூப்பிட்டு விருந்து வைக்கிறோம், வந்தவள் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறாள் என்றால் யாருக்குத்தான் கோபம் வராது?

கோடை பிறந்தது. மேஸ்திரி ஒரு செய்தித்தாளை எடுத்துக்கொண்டு தினமும் காலையில் ஊற்றடி மரத்தின் கீழ் வந்து உட்கார்ந்தார். சூளை முறை நடக்கும்போது செய்தித்தாள் படிப்பார். பாலத்தடி முறை வந்ததும் செய்தித்தாளைக் கொஞ்சம் இறக்கிக்கொள்வார்.

முதல் நாள், பாலத்தடிக்காகக் கிண்ணத்தை மிதக்கவிட்டாள். மற்ற நாளெல்லாம் அது பாட்டுக்கு முழுகும் கிண்ணம், அன்றைக்கு முழுகவே மாட்டேன் என்றது. அவளுக்கு அப்படித் தோன்றியது. விளிம்பு இன்னும் இரண்டு விரற்கடை மேலே நின்றது. மரத்தடியில் மேஸ்திரி இருமினார். சாதாரண இருமல்தான், பீடி இருமல். ஆனால் அவள் கை படக்கென்று கிண்ணத்தை எடுத்துவிட்டது. அடுத்த முழுக்கும் அப்படித்தான். மறுநாளும் அப்படித்தான். ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது, நாமே கொஞ்சம் குறைத்துக்கொண்டால் பேச்சுக்கு இடமில்லை என்று நினைத்தாள். இரண்டு விரற்கடை என்ன பெரிய தண்ணீர்? அத்தனை வீட்டுக்கும் பிரித்தால் வீட்டுக்கு ஒரு வாய்கூட வராது என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

அங்கேதான் தப்புப் பண்ணினாள். வாழ்நாளெல்லாம் தண்ணீரைத் திருப்பி விட்டவள், அது போகும் வழியில் ஒரு நாள்கூட நடந்து போனதில்லை. குடியிருப்புக்குள் அநாவசியமாகக் கால் வைக்கக் கூடாதல்லவா, பலகையோடு அவள் வேலை முடிந்தது. வாய்க்கால் தெருவோரமாகப் போகும், ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஒரு தொட்டி. முதல் வீட்டுத் தொட்டி நிரம்பின பிறகுதான் இரண்டாவது வீட்டுக்கு. குறைகிற தண்ணீர் எல்லா வீட்டிலும் பங்கு பங்காகக் குறையாது. மொத்தமும் கடைசி வீட்டின் தலையில்தான் விடியும்.

மகள் இப்போது சைக்கிளில் குடத்தோடு மேலே வர ஆரம்பித்தாள். ஒரு நடை, இரண்டு நடை, வெயில் ஏற ஏற இன்னொரு நடை.

"உன் வீட்டுக்காரன் எங்கடி?"

"அடுப்படியில நிக்கிறாரு. மாவு பிசைய ஊத்துத் தண்ணிய நேரா எடுத்தா ரொட்டி மெத்துன்னு வருதாம், அத்தை சொல்றாங்க."

"வாய்க்கால்ல வர்றதும் இதே ஊத்துத் தண்ணிதான்."

"உனக்கு ரொட்டியைப் பத்தி என்னம்மா தெரியும்?"

கிண்ணக்காரி நம்பினாள். மருமகளை இப்படி வெயிலில் விரட்டுகிறாளே என்று சம்பந்தியை மனசுக்குள் திட்டியும் கொண்டாள். மகளின் உள்ளங்கை காய்த்திருப்பதைப் பார்த்தபோது திட்டு இன்னும் இரண்டு வார்த்தை நீண்டது.

கோடை முடியப்போகிற சமயம். ஒரு நாள் காலையில் ரொட்டிக்காரம்மா ரொட்டி மாவு பிசையும் அண்டாவைத் தூக்கிக்கொண்டு மேலே ஏறி வந்தாள். பின்னால் கையில் காய்ந்த மாவோடு மாப்பிள்ளை, அவனுக்கும் பின்னால் மகள், "அத்தை, வேணாம் அத்தை" என்று முந்தானையைப் பிடித்து இழுக்காத குறை. அந்த ஊர்வலத்தைப் பார்த்து வழியில் இருந்தவர்களும் கூடவே வந்துவிட்டார்கள். சூளைக்காரர் தன் முறைக்காக ஏற்கெனவே அங்கேதான் நின்றிருந்தார். ரொட்டிக்காரம்மா அண்டாவைத் தொட்டிக்கு முன்னால் கவிழ்த்தாள். ஒரு சொட்டு விழவில்லை.

"சம்பந்தியம்மா, இன்னைக்கு அடுப்பு பத்தல. கோடை பூரா எங்க தொட்டி பாதிக்கு மேல ஏறல. என் மருமக குடம் தூக்கியே பாதி ஆளாயிட்டா. என்னன்னு கேட்டா வாயைத் திறக்க மாட்டேங்கிறா. நீங்க சொல்லுங்க, எங்க தண்ணி எங்க போவுது?"

மேஸ்திரி செய்தித்தாளை மடித்துக்கொண்டு எழுந்தார். "இது புகாரா?"

"பின்ன, தாலாட்டா?"

"ஆனா ஒரு நியாயம் சொல்லணும்" என்றார் மேஸ்திரி. "நான் தினமும் இங்கதான் இருந்தேன். பாலத்தடிக்கு ஒரு சொட்டுகூட அதிகமாப் போகல."

"அதிகமாப் போச்சுன்னு யாரு சொன்னா? குறையுதுன்னு சொல்றேன்."

மேஸ்திரிக்கு இந்தப் பக்கத்திலிருந்து புகார் வரும் என்று தோன்றியதே இல்லை. அவர் சூளைக்காரரைப் பார்த்தார். சூளைக்காரர் நிதானமாகக் குனிந்து, கிண்ணத்தை எடுத்து, ஓட்டையில் வாயை வைத்து ஊதினார். ஓட்டை சரியாகத்தான் இருந்தது. தொட்டியில் மிதக்கவிட்டார். "பாலத்தடி முறைன்னு வச்சுக்குங்க" என்றார்.

கிண்ணம் ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்து நிமிர்ந்தது. நீர் ஏறிக்கொண்டே வந்தது. கிண்ணக்காரி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். விளிம்பு இரண்டு விரற்கடைக்கு வந்தது. மேஸ்திரிக்கு இருமல் வந்தது.

அவள் கை தன் பாட்டுக்கு நீண்டு கிண்ணத்தின் மேல் போய் நின்றது.

எல்லாரும் அந்தக் கையைப் பார்த்தார்கள். அவளும் பார்த்தாள். கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். கிண்ணம் இன்னும் மிதந்தது. மிதந்துகொண்டே இருந்தது. இத்தனை நேரமா என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. ரொம்பக் கழித்துத்தான் முழுகி 'டொக்' என்றது.

கிண்ணக்காரி மகள் பக்கம் திரும்பினாள். "உனக்குத் தெரியுமாடி?"

"உன் கூடவே வளர்ந்தவம்மா நான். தொட்டியைப் பார்த்த அன்னைக்கே தெரியும்."

"தெரிஞ்சுமா குடம் தூக்கின?"

"சொன்னா புகார் ஆயிடும். புகார் ஆனா கிண்ணம் போயிடும். தூக்கினா கைதானே வலிக்கும்."

கிண்ணக்காரிக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. அத்தனை பேருக்கு முன்னால், அடித்துப் பேசியே பழகினவள், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். தொட்டிக்குள் கையை விட்டுக் கிண்ணத்தை எடுத்தாள். அதைக் கொண்டுபோய் மேஸ்திரியின் முன்னால் வைத்தாள்.

"எடுத்துக்குங்க. கை கோணலாத்தான் போச்சு. ஊரு என்ன சொல்லுமோன்னு பயந்து, பெத்த பொண்ணோட குடத்துல கை வச்சிட்டேன். எனக்கு இந்த வேலை வேணாம்."

மேஸ்திரி கிண்ணத்தைத் தொடவில்லை. அவருக்கு ஏனோ வேர்த்தது. சூளைக்காரர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மேஸ்திரி. நீ தினமும் பக்கத்துலயேதானே உட்கார்ந்திருந்த?"

"ஆமா."

"டொக்குங்கிற சத்தமே வராம பலகை மாறுனது உனக்குத் தெரியலையா?"

"பேப்பர் படிச்சுக்கிட்டிருந்தேன்."

"பாலத்தடி முடிஞ்சா அடுத்த முறை யாருது?"

"மேட்டுக்குத்தான்" என்றார் மேஸ்திரி, செய்தித்தாளை இன்னும் சின்னதாக மடித்துக்கொண்டு. கூட்டத்தில் யாரோ ஒரு பெண், "அதான பார்த்தேன், இந்தக் கோடையில மேஸ்திரி வீட்டு வாசல்ல மட்டும் எப்படி ரோஜா பூத்துச்சுன்னு" என்றாள். சிரிப்பு கிளம்பியது. அழுதுகொண்டிருந்த கிண்ணக்காரிக்கே உதடு துடித்தது.

"சிரிச்சது போதும்" என்றாள் ரொட்டிக்காரம்மா. "புகார் கொடுத்தவ நான். நான் பேசி முடிக்கல." அண்டாவை நிமிர்த்தி வைத்து அதன் விளிம்பில் கையை ஊன்றிக்கொண்டாள். "இவங்க தப்புப் பண்ணிட்டாங்க, இல்லைன்னு சொல்லல. என் அடுப்பை அணைச்சுட்டாங்க. ஆனா திருடுறதுன்னா எல்லாரும் வெளிய திருடி வீட்டுக்குக் கொண்டு வருவாங்க. இவங்க சொந்த வீட்டுல திருடி ஊருக்குக் கொடுத்திருக்காங்க. மூணு குடியிருப்புலயும் தேடுங்க, இப்படி ஒரு திருடியைக் காட்டுங்க, கிண்ணத்தை அவகிட்டக் கொடுத்துடலாம்."

யாரும் தேடப் போகவில்லை. சூளைக்காரர் தொண்டையைச் செருமினார், எல்லாரும் காத்திருந்தார்கள். "புகார் வந்தா கிளம்பணும்னு சொன்னோம்" என்றார். "புகாரைக் கொடுத்தவங்க திருப்பி எடுத்துக்கிட்டா?"

"எடுத்துக்கிட்டேன். ஆனா சும்மா இல்ல" என்றாள் ரொட்டிக்காரம்மா. "இன்னைக்கு எங்க முறை முழுசா வரணும். அது முடிஞ்சதும் சம்பந்தியம்மா எங்க வீட்டுக்கு வந்து கை நனைக்கணும். கல்யாணத்துல பட்டினியா நின்னதை நான் மறக்கல."

"சட்டம் இருக்கே" என்றார் மேஸ்திரி, பழக்க தோஷத்தில்.

சூளைக்காரர் யோசித்தார். "ஒரு இடத்துல சாப்பிட்டாத்தான் பாரபட்சம். மூணு இடத்துலயும் சாப்பிட்டா?"

"எங்க வீட்டுல சமையல் சுமார்தான்" என்றார் மேஸ்திரி.

"இருக்கட்டும். தண்ணி நிறைய இருக்கும்ல" என்றாள் மகள்.

கிண்ணக்காரி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கிண்ணத்தை மேஸ்திரியின் காலடியிலிருந்து தானே எடுத்தாள். "ஏன் எல்லாரும் வேலை வெட்டி இல்லாம நிக்கிறீங்க? அந்தக் கல்லு மேல கால் வச்சிருக்கிறது யாரு?" என்றாள். குரல் இன்னும் கரகரப்பாகத்தான் இருந்தது. அன்று பாலத்தடியின் ஒவ்வொரு முழுக்கும் 'டொக்' என்று கேட்ட பிறகுதான் பலகை மாறியது. மேஸ்திரி மரத்தடிக்குத் திரும்பி வரவில்லை, வீட்டில் வேலை இருந்ததாம்.

முறை முடிந்ததும் வாய்க்காலோரமாகவே நடந்தாள். தையல் கடைத் தொட்டி நிரம்பியிருந்தது. சைக்கிள் கடைத் தொட்டியில் பஞ்சர் பார்க்க ஒரு டியூபை முக்கிக்கொண்டிருந்தார்கள், நின்று நாலு வார்த்தை திட்டிவிட்டுப் போனாள். இஸ்திரிக் கடைத் தொட்டியில் ஒரு காக்கை குளித்தது. ஒவ்வொரு தொட்டியாக எட்டிப் பார்த்துக்கொண்டே போனாள், தெரு இவ்வளவு நீளம் என்று அவளுக்குத் தெரியாது. கடைசித் தொட்டியில் விளிம்பு வரைக்கும் தண்ணீர் ததும்பி நின்றது. அதைப் பார்த்தபோது அவளுக்கு மறுபடி அழுகை வந்தது. அடக்கிக்கொண்டாள்.

ரொட்டிக் கடைக்குள் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. மாப்பிள்ளை ஒரு முக்காலியைத் துடைத்துப் போட்டான். துடைத்த துணியில் இருந்த மாவு முக்காலி முழுக்க ஒட்டிக்கொண்டது. ரொட்டிக்காரம்மா உள்ளே தட்டு எடுக்கப் போனாள்.

"வெயில்ல நடந்து வந்தது, தொண்டை காயுது. கொஞ்சம் தண்ணி கொடுடி" என்றாள் கிண்ணக்காரி.

மகள் டம்ளரைக் கொண்டுவந்து கொடுத்தாள். பாதிதான் இருந்தது. கிண்ணக்காரி டம்ளரைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள்.

"அவ்வளவுதாம்மா உன் முறை" என்றாள் மகள், முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல். "பலகையை மாத்தியாச்சு."

கிண்ணக்காரி அதைக் குடித்தாள். பிறகு காலி டம்ளரை மகளுக்கு நேராக நீட்டினாள்.

"எனக்கு இன்னும் டொக்குன்னு கேக்கல, ஊத்து."